வாசகர் கேள்வி-பதில்: பழைய சர்வரை விர்ச்சுவல் மெஷினா மாத்துறப்போ

போன மாசம் ஒரு பதில்ல, பழைய சர்வர்ல ஓடுற சிஸ்டத்தை அப்படியே எடுத்து புது சர்வர்ல விர்ச்சுவல் மெஷினா, அதாவது ஒரு பெட்டிக்குள்ள சாஃப்ட்வேரால உருவாக்குற தனி கம்ப்யூட்டரா, ஓட்டலாம்னு ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விகளே இந்த மாசப் பக்கத்தை நிரப்பிடுச்சு. ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்துட்டேன். கேட்டவங்க பேரும் கம்பெனிப் பேரும் போடல, ஊரும் தொழிலும் மட்டும்தான்.

கேள்வி: சார், திருப்பூர்ல ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில ஐடி பாத்துக்கிறேன், ஐடின்னா நான் ஒருத்தன்தான். 4 பழைய சர்வர் இருக்கு. ஒண்ணு டொமைன் கன்ட்ரோலர் (எல்லாரோட லாகினையும் பாத்துக்கிறது), ஒண்ணு ஃபைல் சர்வர் (1.5 டிபி), ஒண்ணுல விண்டோஸ் 2008 ஆர்2 மேல எஸ்க்யூஎல் டேட்டாபேஸும் ப்ரொடக்‌ஷன் சாஃப்ட்வேரும், இன்னொண்ணு அட்டென்டன்ஸ். புதுசா ஒரு பெரிய சர்வர் வாங்கிக் குடுத்துட்டாங்க. ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் டைம், நாலையும் ஒரே நாள்ல கன்வெர்ட் பண்ண எந்த டூல் பெஸ்ட்?

பதில்: டூல் பத்தி அப்புறம் சொல்றேன். முதல்ல ஒரு பேப்பர் எடுத்து நாலு சர்வர் பேரையும் எழுதி, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல "இதைப் புதுசா இன்ஸ்டால் பண்ண முடியுமா?"ன்னு ஒரு கேள்வி எழுதுங்க. பண்ண முடியும்னா அதை கன்வெர்ட் பண்ணாதீங்க. புது விர்ச்சுவல் மெஷின் போட்டு டேட்டாவை மட்டும் நகர்த்துங்க. இப்படிப் பிரிச்சுப் பாத்தா உங்க நாலு வேலை ஒண்ணு ஒண்ணரை வேலையா சுருங்கிடும். அதனாலதான் இதை முதல்ல சொல்றேன்.

ஃபைல் சர்வரையே எடுத்துக்கோங்க. 1.5 டிபியை டிஸ்க் இமேஜா எடுத்து நகர்த்துறதை விட புது விர்ச்சுவல் மெஷின்ல இப்போ சப்போர்ட் இருக்கிற விண்டோஸ் போட்டு, விண்டோஸ்லயே வர்ற ரோபோகாப்பி கமாண்ட் வெச்சு பர்மிஷனோட சேர்த்து இந்த வாரமே காப்பி பண்ண ஆரம்பிச்சிடலாம், ஆபீஸ் ஓடிக்கிட்டு இருக்கும்போதே. ராத்திரி ராத்திரி திரும்ப ஓட்டினா மாறின ஃபைல் மட்டும் போகும். ஞாயித்துக்கிழமை ஷேரை மூடிட்டு கடைசியா ஒரு தடவை ஓட்டி, பேரையும் ஐபியையும் புது மெஷினுக்குக் குடுத்தா முடிஞ்சுது, அரை மணி ஒரு மணி நேர வேலை. ஷேர் பர்மிஷன் தனியா ரெஜிஸ்ட்ரியில (விண்டோஸ் தன் செட்டிங்கை வெக்கிற இடம்) இருக்கும், அது ரோபோகாப்பியில வராது, அதை மறந்துடாதீங்க.

டொமைன் கன்ட்ரோலரைக் கண்டிப்பா கன்வெர்ட் பண்ணாதீங்க, ஏன்னு அடுத்த கேள்வியில விவரமா சொல்றேன். அட்டென்டன்ஸ் சாஃப்ட்வேர் வெண்டர் இன்னும் ஃபோன் எடுக்கிறார்னா புதுசா இன்ஸ்டால் பண்ணி டேட்டாபேஸை ரீஸ்டோர் பண்ணச் சொல்லுங்க. மீதி அந்த 2008 ஆர்2 ப்ரொடக்‌ஷன் சர்வர். எழுதினவர் எங்கயோ போயிருப்பார், செட்டப் சிடி கிடைக்காது, எந்த ரெஜிஸ்ட்ரியில என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. இது மாதிரி சர்வருக்குத்தான் ஃபிசிக்கல்-டு-விர்ச்சுவல் கன்வெர்ஷன்னு ஒண்ணு இருக்கிறதே.

இப்போ கணக்கு. கிகாபிட் நெட்வொர்க்ல நல்லா போனா செகண்டுக்கு 100 எம்பி சுமாரா வரும். 300 ஜிபி சர்வர்னா 50 நிமிஷம், 1.5 டிபின்னா நாலு மணி நேரத்துக்கு மேல. இதுவே நடுவுல ஒரு பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் மாட்டியிருந்தா செகண்டுக்கு 11 எம்பிதான், 300 ஜிபிக்கே ஏழரை மணி நேரம், 1.5 டிபிக்கு ஒன்றரை நாளுக்கு மேல ஆயிடும். நெறைய பேர் "டூல் ஸ்லோ"ன்னு சொல்றது இதைத்தான். சர்வர் பின்னாடி கேபிள் எந்த ஸ்பீடுல லிங்க் ஆகியிருக்குன்னு பாருங்க, முடிஞ்சா பழைய சர்வருக்கும் புது சர்வருக்கும் நேரா ஒரு கேட்-6 கேபிள் போட்டுடுங்க.

காப்பி எடுக்கிறதுக்கு முன்னாடி வீட்டைப் பெருக்கணும். டெம்ப் ஃபோல்டர், பழைய லாக், டி டிரைவ்ல யாரோ போட்டு வெச்ச அஞ்சு வருஷ பேக்கப், இதெல்லாம் அழிச்சாலே பாதி நேரம் மிச்சமாகும். டிஸ்க் செக் ஒரு தடவை ஓட்டுங்க, கெட்ட செக்டர் இருந்தா காப்பி 97 பர்சன்ட்ல போய் நிக்கும், அந்த நேரத்துல வர்ற வயித்தெரிச்சல் சொல்லி மாளாது. ரெண்டு நெட்வொர்க் கார்டைச் சேர்த்து டீமிங் பண்ணியிருந்தா அதை உடைச்சு ஒரு கார்டுல மட்டும் ஓட விடுங்க. பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வெக்கிற விண்டோஸ் வசதி) போட்டிருந்தா எடுத்துடுங்க. எச்பி, டெல் கம்பெனியோட ஹார்ட்வேர் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேரை மாத்தினதுக்கு அப்புறம் எடுக்கப் போனா சிலது "இந்த ஹார்ட்வேர் இல்ல"ன்னு அன்இன்ஸ்டால் ஆகவே மாட்டேங்கும், அதையும் குறிச்சு வெச்சுக்கோங்க. ஐபி, டிஎன்எஸ், கேட்வே, ஸ்டாட்டிக் ரூட் எல்லாத்தையும் ஃபோன்ல ஃபோட்டோ எடுத்துக்கோங்க.

இன்னொண்ணு, அந்த சர்வரோட லோக்கல் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்ட் தெரியுமான்னு இன்னிக்கே லாகின் பண்ணிப் பாருங்க. புது மெஷின்ல முதல் தடவை பூட் ஆகும்போது நெட்வொர்க் டிரைவர் இருக்காது, டொமைன் லாகின் கை குடுக்கும்னு நம்ப முடியாது. பாஸ்வேர்ட் தெரியாம லாகின் ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டு ஞாயித்துக்கிழமை சாயந்திரம் உக்காந்திருந்தவங்க எனக்குத் தெரிஞ்சே மூணு பேர்.

இப்போ டூல். விர்ச்சுவல் மெஷினை ஓட்ட மைக்ரோசாஃப்ட்டோட ஹைப்பர்-வி போடுறீங்கன்னா, அவங்களோட சிஸ்இன்டர்னல்ஸ் டிஸ்க்டுவிஎச்டி போதும். சின்ன ப்ரோக்ராம், இலவசம், ஷேடோ காப்பி (டிஸ்கை அந்த நொடியில இருக்கிறபடி பிடிச்சு வெக்கிற விண்டோஸ் வசதி) வெச்சு சர்வர் ஓடிக்கிட்டு இருக்கும்போதே இமேஜ் எடுக்கும். அதுல விஎச்டிஎக்ஸ்ங்கிற விர்ச்சுவல் டிஸ்க் ஃபைல் ஆப்ஷனை டிக் பண்ணுங்க, பழைய விஎச்டி 2 டிபி வரைக்கும்தான், விஎச்டிஎக்ஸ் 64 டிபி போகும். எந்த டிஸ்கைக் காப்பி எடுக்கிறீங்களோ அதே டிஸ்க் மேல எழுதாதீங்க, வேகம் பாதியாயிடும், வேற டிஸ்க்லயோ ஷேர்லயோ எழுதுங்க. எடுத்த ஃபைலை அதே பழைய சர்வர்ல அட்டாச் பண்ணித் திறந்து பாக்கவும் கூடாது. ரெண்டு டிஸ்க்குக்கும் ஒரே சிக்னேச்சர் (அடையாள எண்) இருக்கும், விண்டோஸ் புதுசுல சிக்னேச்சரை மாத்திடும், அப்புறம் அந்த இமேஜ் பூட் ஆகாது.

ஹைப்பர்-வியில மெஷின் உருவாக்கும்போது ஜெனரேஷன் 1ஆ 2ஆன்னு கேக்கும். பழைய சர்வர் பயாஸ்ங்கிற பழைய முறையில பூட் ஆனதுன்னா ஜெனரேஷன் 1, யூஇஎஃப்ஐங்கிற புது முறைன்னா 2. 2008 ஆர்2வுக்கு 1 மட்டும்தான். ஒரு தடவை தேர்ந்தெடுத்தா மாத்த முடியாது, திரும்ப மெஷின் உருவாக்கணும், டிஸ்க் ஃபைல் அப்படியே இருக்கும், அதனால பயப்பட வேண்டாம்.

எஸ்க்யூஎல் சர்வீஸையும் ப்ரொடக்‌ஷன் சாஃப்ட்வேரையும் நிறுத்திட்டுத்தான் கடைசி இமேஜ் எடுக்கணும். ஷேடோ காப்பி ஒரு நொடியைப் பிடிச்சு வெக்குது, சரி, ஆனா அந்த நொடிக்கு அப்புறம் யாராவது போட்ட என்ட்ரி புது மெஷின்ல இருக்காது, பழசுல மட்டும்தான் இருக்கும். எந்த எரரும் வராது. மாசக் கடைசியில ஸ்டாக் இடிக்கும்போதுதான் தெரியும்.

2008 ஆர்2வுக்கு மைக்ரோசாஃப்ட் பொதுவான சப்போர்ட் 2020 ஜனவரி 14லயே முடிஞ்சுடுச்சு. விர்ச்சுவலா மாத்தினா இரும்புதான் புதுசு, உள்ள ஓடுறது அதே ஓட்டை உள்ள விண்டோஸ்தான். அந்த மெஷினுக்கு இன்டர்நெட் குடுக்காதீங்க, தனி வீலான்ல (நெட்வொர்க்குக்குள்ளயே பிரிச்சு வெச்ச தனிப் பகுதி) வெச்சு, தேவையான ஆட்களுக்கு மட்டும் எஸ்க்யூஎல் போர்ட் திறந்து விடுங்க. புது சாஃப்ட்வேர் வாங்க முதலாளிகிட்ட பேச ஒரு வருஷம் டைம் கிடைச்சிருக்குன்னு நினைச்சுக்கோங்க. கரண்ட் பில்லைக் காட்டிப் பேசுங்க: ஒரு பழைய சர்வர் 250 வாட் இழுத்தா ஒரு நாளைக்கு 6 யூனிட், நாலுக்கு 24 யூனிட், மாசம் 720 யூனிட், ஏசி செலவு தனி.

கேள்வி: ஐயா, டொமைன் கன்ட்ரோலரை சனிக்கிழமை ராத்திரி கன்வெர்ட் பண்ணினோம், நல்லா பூட் ஆச்சு. திங்கக்கிழமை பாதிப் பேருக்குப் புது பாஸ்வேர்ட் வேலை செய்யல, புதுசா சேர்த்த யூசர் ஒரு பிராஞ்ச்ல தெரியறாங்க இன்னொண்ணுல தெரியல. எங்களுக்கு சேலம், ஈரோடுன்னு ரெண்டு டொமைன் கன்ட்ரோலர். எங்க தப்பு?

பதில்: நடுவுல பழைய மெஷினும் கொஞ்ச நேரம் ஓடிச்சா? ஓடியிருக்கும். கேள்வியிலேயே தெரியுது.

இதே தப்பை நான் பண்ணியிருக்கேன், ரொம்ப வருஷம் முன்னாடி, அப்போ வேலை பாத்த ஒரு கம்பெனியில. சர்வர் ஓடிக்கிட்டு இருக்கும்போதே இமேஜ் எடுத்து புதுசை எழுப்பினேன், டெஸ்ட் பண்ணிப் பாத்து நல்லா இருக்குன்னதும் பழசை நிறுத்தினேன். நடுவுல ஒரு மூணு மணி நேரம் பழசு தன் பாட்டுக்கு வேலை பாத்துக்கிட்டு இருந்துச்சு. அதைச் சரி பண்ண நாலு நாள் ஆச்சு, அந்த நாலு நாளும் எத்தனை பேர் வேலை பாக்க முடியாம என் மேசைக்கு முன்னாடி வந்து நின்னாங்கன்னு இன்னும் ஞாபகம் இருக்கு. அதனாலதான் இதை எங்க பாத்தாலும் சொல்றேன்.

என்ன நடக்குதுன்னா, ஒவ்வொரு டொமைன் கன்ட்ரோலரும் தான் பண்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரிசை எண் போடும், யூஎஸ்என்னு பேர். ஈரோடு மெஷின் "சேலத்துகிட்ட இருந்து 5,000 வரைக்கும் வாங்கிட்டேன்"னு குறிச்சு வெச்சிருக்கும். நீங்க இமேஜ் எடுத்தப்போ சேலம் 4,800ல இருந்துச்சுன்னு வெச்சுக்கோங்க. புதுசா எழுந்த சேலம் 4,801ல இருந்து எண் போட ஆரம்பிக்கும். ஈரோட்டுக்கு அதெல்லாம் ஏற்கெனவே வாங்கின எண், அதனால கேக்கவே கேக்காது. அந்த 200 மாற்றமும் சேலத்துல மட்டும் இருக்கும். பாஸ்வேர்டும் யூசரும் அப்படித்தான் காணாமப் போச்சு. யூஎஸ்என் ரோல்பேக்னு இதுக்குப் பேர். டைரக்டரி சர்வீஸ் லாக்ல 2095னு ஒரு ஈவென்ட் இருக்கான்னு பாருங்க. இருந்தா சந்தேகமே இல்ல.

இப்போ பண்ண வேண்டியது: சேலம் விர்ச்சுவல் மெஷினை நெட்வொர்க்ல இருந்து கழட்டுங்க. ஒவ்வொண்ணையும் ஒரு கன்ட்ரோலர் மட்டும் வெச்சிருக்கிற அஞ்சு ரோல் (எஃப்எஸ்எம்ஓ) அது மேல இருந்தா ஈரோட்டுக்கு எடுத்துக்கோங்க. சேலத்துல மட்டும் போட்ட யூசர், மாத்தின பாஸ்வேர்ட் லிஸ்ட் எடுத்து ஈரோட்டுல கையால சேருங்க. சேலத்தை ஆக்டிவ் டைரக்டரியில (யூசர், மெஷின் விவரமெல்லாம் இருக்கிற பதிவேடு) இருந்தும் டிஎன்எஸ்ல இருந்தும் சுத்தமா நீக்கிட்டு, புது விர்ச்சுவல் மெஷின்ல புது விண்டோஸ் போட்டு டொமைன் கன்ட்ரோலரா ஆக்குங்க. அந்தப் பழைய ஃபிசிக்கல் மெஷினைத் திரும்ப ஆன் பண்ணவே கூடாது.

திருப்பூர் நண்பருக்கும் இதே வழிதான்: புது மெஷின், டொமைன்ல சேர்த்து ப்ரமோட் பண்ணி (டொமைன் கன்ட்ரோலரா ஆக்கி), ரோல்களை மாத்தி, டிஎன்எஸ், டிஎச்சிபி நகர்த்தி, ஒரு வாரம் ரெண்டையும் ஓட விட்டு, அப்புறம் பழசை முறைப்படி டிமோட் பண்ணுங்க. இதுக்கு ஞாயித்துக்கிழமையே வேண்டாம், புதன்கிழமை மத்தியானம் காபி குடிச்சுக்கிட்டே பண்ணலாம்.

கேள்வி: அண்ணா, சென்னை அம்பத்தூர்ல ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனி. விர்ச்சுவல் மெஷினை ஓட்ட, விஎம்வேர் விலையைப் பாத்துட்டு அதுக்குப் பதிலா ப்ராக்ஸ்மாக்ஸ் போட முடிவு பண்ணிட்டோம். விண்டோஸ் சர்வர் இமேஜை இம்போர்ட் பண்ணினா நீல ஸ்கிரீன், அதுல 7பி எரர். மூணு தடவை திரும்ப இமேஜ் எடுத்துட்டேன், அதேதான்.

பதில்: நாலாவது தடவை எடுக்காதீங்க தம்பி, இமேஜ்ல ஒரு தப்பும் இல்ல. 7பின்னா "பூட் டிஸ்கை என்னால பாக்க முடியல"ன்னு விண்டோஸ் சொல்லுது. பழைய சர்வர்ல ஏதோ ஒரு ரெய்டு கார்டு (பல டிஸ்கைச் சேர்த்து ஓட்டுற கார்டு) இருந்துச்சு, விண்டோஸ் அதோட டிரைவரைத் தான் பூட்ல ஏத்தும். இப்போ நீங்க விர்ட்-ஐஓ டிஸ்க்னு விர்ச்சுவல் மெஷினுக்கே உரிய ஒரு புது கன்ட்ரோலரைக் காட்டுறீங்க, அந்த டிரைவர் உள்ள இல்ல.

ப்ராக்ஸ்மாக்ஸ் செட்டிங்ல டிஸ்கைக் கழட்டி சாட்டா டிஸ்க்கா மாட்டுங்க, அதுலயும் 7பி வந்தா ஐடிஇயா மாட்டுங்க, ரெண்டுல ஒண்ணுல பெரும்பாலும் எழுந்துடும். எழுந்ததும் இன்னொரு சின்ன டிஸ்க், 1 ஜிபி போதும், அதை விர்ட்-ஐஓ டைப்ல சேருங்க. விர்ட்-ஐஓ டிரைவர் ஐஎஸ்ஓவை சிடியா மாட்டி டிரைவர் போடுங்க, டிவைஸ் மேனேஜர்ல அந்தச் சின்ன டிஸ்க் தெரியணும். இப்போ விண்டோஸ் அந்த டிரைவரைப் பூட்ல ஏத்தக் கத்துக்கிச்சு. ஷட்டவுன் பண்ணி, சின்ன டிஸ்கை எடுத்துட்டு, மெயின் டிஸ்கை விர்ட்-ஐஓவா மாட்டி, பூட் ஆர்டர்ல அதை டிக் பண்ணி ஆன் பண்ணுங்க. பூட் ஆர்டரை மறந்துட்டு "இன்னும் வரல"ன்னு சொல்றவங்கதான் அதிகம். சர்வர் 2008 ஆர்2ன்னா பழைய பதிப்பு டிரைவர் ஐஎஸ்ஓ எடுங்க, புதுசுல அதுக்கு டிரைவர் வராது. பழைய மெஷின் இன்னும் உயிரோட இருந்து நேரமும் இருந்தா, இமேஜ் எடுக்கிறதுக்கு முன்னாடியே டிரைவரை அதுல போட்டு வெக்கிறதும் ஒரு வழி, ஆனா ரெண்டு டிஸ்க் முறை அளவுக்கு அது நிச்சயம் இல்ல.

நெட்வொர்க் கார்டும் புதுசா வந்திருக்கும். பழைய ஐபியைப் போட்டா "இந்த ஐபி வேற அடாப்டர்ல இருக்கு"ன்னு சொல்லும். இல்லாமப் போன பழைய கார்டு டிவைஸ் மேனேஜர்ல ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு, மறைஞ்ச டிவைஸைக் காட்டுற ஆப்ஷனைப் போட்டு, மங்கலாத் தெரியுற கார்டையெல்லாம் அன்இன்ஸ்டால் பண்ணுங்க.

விலை விஷயத்துல உங்க முடிவு எனக்கு நல்லாப் புரியுது. 2023 நவம்பர்ல பிராட்காம் விஎம்வேரை வாங்கினதும் அடுத்த மாசமே ஒரு தடவை வாங்கி வெச்சுக்கிற லைசென்ஸை நிறுத்திட்டாங்க, எல்லாம் சந்தா. இஎஸ்எக்ஸ்ஐங்கிற அவங்க ஹைப்பர்வைசரோட (விர்ச்சுவல் மெஷினை ஓட்டுற சாஃப்ட்வேர்) இலவசப் பதிப்பை 2024 பிப்ரவரியில எடுத்தாங்க, 2025 ஏப்ரல்ல திரும்ப விட்டாங்க. விஎம்வேரோட கன்வெர்ட்டர் டூலும் இப்படித்தான், 2022 பிப்ரவரியில டவுன்லோடுல இருந்து எடுத்துட்டு அக்டோபர்ல 6.3னு திரும்பக் கொண்டு வந்தாங்க. நல்ல டூல்தான். ஆனா இருக்கும்போது ஒரு காப்பி பத்திரமா வெச்சுக்கணும்னு இதுல இருந்து நான் கத்துக்கிட்டேன்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எங்கட அலுவலகத்தில ஒரு பழைய சென்டோஸ் 7 சர்வர் இருக்கு. குளோன்சில்லாவால இமேஜ் எடுத்து புது மெஷின்ல போட்டன். பூட் ஆகேக்க டிராக்கட் எண்டு ஒரு கறுப்பு ஸ்கிரீன்ல போய் நிக்குது. என்ன செய்யிறது?

பதில்: இதுவும் அம்பத்தூர்க்காரர் கதைதான், லினக்ஸ்ல. சென்டோஸ் 7 தன்னோட பூட் இமேஜைத் தயாரிக்கும்போது அந்த மெஷின்ல இருக்கிற ஹார்ட்வேருக்கு மட்டும் டிரைவரை வெச்சுக்கும். மெஷின் மாறினா டிஸ்க் தெரியாது. ஆனா அவங்களே ஒரு வழியும் வெச்சிருக்காங்க: பூட் மெனுவுல கடைசியா ரெஸ்க்யூன்னு ஒரு வரி இருக்கும், அதுல எல்லா டிரைவரும் இருக்கு. அதைத் தேர்ந்தெடுத்து பூட் பண்ணினா பெரும்பாலும் எழுந்துடும். எழுந்ததும், அந்தப் பூட் இமேஜை உருவாக்குற டிராக்கட் கமாண்டை, எல்லா கெர்னலுக்கும் திரும்ப உருவாக்குங்கிற ஆப்ஷனோட, ஃபோர்ஸ் சேர்த்து ஓட்டி ரீபூட் பண்ணுங்க.

அடுத்து நெட்வொர்க். கார்டு பேர் மாறியிருக்கும், பழைய கான்ஃபிக் ஃபைல்ல பழைய கார்டோட மேக் அட்ரஸ் (கார்டோட அடையாள எண்) எழுதியிருக்கும், அந்த வரியை எடுத்துட்டு புதுப் பேர்ல ஃபைல் போடுங்க. எந்த டிஸ்க் எங்க வரணும்னு சொல்ற எஃப்எஸ்டேப் ஃபைல்ல டிஸ்கை எஸ்டிஏன்னு பேர் சொல்லி எழுதியிருந்தா விர்ட்-ஐஓவுல அது விடிஏ ஆயிடும், யூயூஐடியா (மாறாத அடையாள எண்) மாத்திடுங்க. சென்டோஸ் 7 அப்டேட் 2024 ஜூன் 30ஓட நின்னு போச்சு, அதனால அந்தச் சர்வர்ல என்னென்ன ஓடுதுன்னு இப்பவே ஒரு லிஸ்ட் எடுத்து வெச்சுக்கோங்க, வேற லினக்ஸுக்குக் குடி போறப்போ கைகொடுக்கும்.

கேள்வி: மேடம்/சார், மதுரையில ஒரு ஹாஸ்பிட்டல்ல சிஸ்டம் அட்மினா இருக்கேன். எங்களுக்கு ஞாயித்துக்கிழமையே கிடையாது, 24 மணி நேரமும் பில்லிங் ஓடும். நிறுத்துற நேரத்தைக் குறைக்க என்ன வழி?

பதில்: சகோதரி, முழு காப்பியையும் சர்வீஸ் நின்னிருக்கிற நேரத்துல எடுக்கணும்னு அவசியமே இல்ல. முதல் காப்பியை ஓடிக்கிட்டு இருக்கும்போதே எடுங்க, எத்தனை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். அப்புறம் ராத்திரி ரெண்டு மணிக்கு, கூட்டம் குறைஞ்ச நேரத்துல, சர்வீஸை நிறுத்திட்டு டிஸ்க்ல மாறின துண்டுகளை, அதாவது ப்ளாக்கை, மட்டும் அனுப்புங்க. விஎம்வேர் கன்வெர்ட்டர்ல விண்டோஸ் மெஷினுக்கு சிங்க்ரனைஸ்னு இதுக்கே ஒரு ஆப்ஷன் இருக்கு. அதுல ஒரு விஷயம்: டிஸ்க் சைஸைக் குறைக்கச் சொன்னா அது ஃபைல் ஃபைலா காப்பி பண்ண ஆரம்பிச்சிடும், லட்சக்கணக்குல சின்ன ஃபைல் இருந்தா விடிஞ்சாலும் முடியாது. சைஸை அப்படியே விடுங்க, ப்ளாக் ப்ளாக்கா வேகமாப் போகும்.

எனக்குப் பிடிச்ச இன்னொரு வழி பேக்கப் மூலமா மாத்துறது. வீம் மாதிரி பேக்கப் சாஃப்ட்வேரோட ஏஜென்ட்டைப் பழைய சர்வர்ல போட்டு ஒரு வாரம் தினமும் பேக்கப் எடுங்க, கடைசி ராத்திரி ஒரு சின்ன இன்கிரிமென்டல் (மாறினது மட்டும்), அதை விர்ச்சுவல் மெஷினா ரீஸ்டோர் பண்ணிடலாம். வீம்ல சில மெஷின் வரைக்கும் இலவசப் பதிப்பே போதும். உங்களுக்கு இதுவரைக்கும் ஒழுங்கான பேக்கப் இல்லாம இருந்திருந்தா அதுவும் இதோட சேர்ந்து அமைஞ்சிடும்.

ஆனா ஹாஸ்பிட்டல்னு சொன்னதால ஒண்ணை அழுத்தமா சொல்றேன், ஒத்திகை இல்லாம பண்ணாதீங்க. முதல் காப்பியை எடுத்ததும், நெட்வொர்க் கேபிள் மாட்டாத விர்ச்சுவல் மெஷினா அதை எழுப்பிப் பாருங்க. நீல ஸ்கிரீனா, டிரைவரா, லைசென்ஸா, எல்லாப் பிரச்சினையும் அன்னிக்குப் பகல்லயே வெளிய வந்துடும். ஒவ்வொண்ணையும் எப்படித் தீர்த்தீங்கன்னு வரிசையா எழுதி, எத்தனை நிமிஷம் ஆச்சுன்னும் குறிச்சுக்கோங்க. நிஜமா மாத்துற ராத்திரி அந்தப் பேப்பரைப் பாத்து செய்யலாம். நர்ஸ் ஸ்டேஷனுக்கும் பில்லிங் கவுன்டருக்கும் அந்த நேரத்துக்கு கையால எழுதுற பில் புக் குடுத்து வைங்க. "இத்தனை மணிக்குள்ள எழலைன்னா பழசையே திரும்ப ஆன் பண்ணிடுவோம்"னு ஒரு நேரத்தை முன்கூட்டியே டாக்டர்கிட்ட சொல்லி முடிவு பண்ணிடுங்க, தூக்கக் கலக்கத்துல எடுக்கிற முடிவு சரியா இருக்காது.

கேள்வி: சர்வர் மேல ஒட்டியிருக்கிற விண்டோஸ் ஸ்டிக்கர்ல இருக்கிற கீயையே விர்ச்சுவல் மெஷினுக்கும் போட்டுக்கலாமா? – ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: கூடாது. சர்வரோட சேர்ந்து வந்த ஓஇஎம் லைசென்ஸ் அந்த இரும்புக்குத்தான். புது சர்வருக்கு வாங்குற விண்டோஸ் ஸ்டாண்டர்ட் லைசென்ஸ்ல அந்த மெஷின் மேல ரெண்டு விண்டோஸ் விர்ச்சுவல் மெஷின் ஓட்டிக்கலாம், அதுக்கு மேல வேணும்னா இன்னொரு செட் வாங்கணும். புது சர்வருக்கு கொட்டேஷன் வாங்கும்போதே இதையும் சேர்த்துக் கேளுங்க, இல்லைன்னா கடைசியில பட்ஜெட்ல இடிக்கும்.

கேள்வி: கோயம்புத்தூர்ல பம்ப் தயாரிக்கிற யூனிட். டிசைன் சாஃப்ட்வேர் யூஎஸ்பி டாங்கிள்ல (சொருகினாத்தான் திறக்கிற லைசென்ஸ் சாவி) ஓடுது, டேலியும் அதே சர்வர்லதான். இன்னொரு மெஷின்ல ஃபேக்ஸ் கார்டு ஒண்ணு இருக்கு. எல்லாம் விர்ச்சுவல் ஆகுமா?

பதில்: டாங்கிளைப் புது சர்வர்ல சொருகி, அந்த யூஎஸ்பியை விர்ச்சுவல் மெஷினுக்கு ஒதுக்கலாம், விஎம்வேர்லயும் ப்ராக்ஸ்மாக்ஸ்லயும் நேரா வரும். ஹைப்பர்-வியில அந்த வசதி கிடையாது, அங்கே யூஎஸ்பியை நெட்வொர்க் வழியா குடுக்கிற ஒரு சின்னப் பெட்டி வாங்கணும். டாங்கிள் தொலைஞ்சா சாஃப்ட்வேரே போச்சு, அதனால சர்வர் பின்னாடி நீட்டிக்கிட்டு நிக்காம உள்பக்க போர்ட்ல சொருகி வைங்க, பெருக்க வர்றவங்க தொடப்பம் பட்டு உடைஞ்சதைப் பாத்திருக்கேன்.

டேலி லைசென்ஸ் மெஷினோட கட்டிப் போட்டது. பழைய மெஷின் இன்டர்நெட்ல இருக்கும்போதே லைசென்ஸை சரண்டர் பண்ணிட்டு, புதுசுல ஆக்டிவேட் பண்ணுங்க, பழசை நிறுத்தினதுக்கு அப்புறம் ஞாபகம் வந்தா அலைச்சல்தான். மேக் அட்ரஸைப் பாத்து ஓடுற லைசென்ஸா இருந்தா விர்ச்சுவல் மெஷினுக்கு அதே மேக் குடுக்கலாம், வெண்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, அப்புறம் பழசை அந்த நெட்வொர்க்ல மாட்டவே கூடாது. ஃபேக்ஸ் கார்டு மெஷினை அப்படியே விட்டுடுங்க, அதோட மல்லுக்கட்டுற நேரத்துல ரெண்டு சர்வர் மாத்திடலாம்.

கேள்வி: நாலு சர்வரையும் மாத்தி முடிச்சாச்சு சார், ஆனா முன்னை விட ஸ்லோ! பழசு 8 கோர், புதுசுல நான் தாராளமா 16 கோர் குடுத்திருக்கேன், 64 ஜிபி ரேம். அப்பவும் அஞ்சு பேர் ஓபன் பண்ணினா திணறுது. – ஒசூர்

பதில்: முதல்ல அந்த 16ஐ 4 ஆக்குங்க. வேடிக்கைக்குச் சொல்லல. ஒரு பெரிய குடும்பம் ஒரே நேரத்துல பஸ்ல ஏறணும்னா 16 சீட்டும் ஓரளவுக்குச் சேர்ந்து காலியா இருக்கணும், ரெண்டு பேர்னா சட்டுனு ஏறிடலாம். ஹைப்பர்வைசரும் கோரை அப்படித்தான் ஒதுக்குது, நாலு மெஷினுக்கும் 16 16னு குடுத்தா ஒண்ணுக்கொண்ணு காத்துக்கிட்டு நிக்கும். பழைய சர்வர்ல பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரை ஒரு வாரம் ஓட விட்டுப் பாத்திருந்தா அது சிபியூல எவ்வளவு கம்மியா உபயோகிச்சுதுன்னு தெரிஞ்சிருக்கும். கம்மியா ஆரம்பிங்க, பத்தலைன்னா கூட்டிக்கலாம்.

ஆனா என் சந்தேகம் டிஸ்க் மேலதான். பழைய நாலு சர்வருக்கும் தனித்தனி டிஸ்க் இருந்துச்சு. இப்போ நாலு பேரும் ஒரே ரெய்டு மேல உக்காந்திருக்காங்க. 7,200 ஆர்பிஎம் டிஸ்க் ஒண்ணு சிதறலான வேலையை செகண்டுக்கு 80 தடவை சுமாரா செய்யும், ரெய்டு 5ல ஒரு சின்ன ரைட்டுக்கு நாலு தடவை டிஸ்க் வேலை ஆகும். நாலு பெரிய டிஸ்க் போட்டு ரெய்டு 5 பண்ணியிருந்தீங்கன்னா செகண்டுக்கு 80 ரைட்தான் வருதுன்னு அர்த்தம், எஸ்க்யூஎல்லுக்கு அது எந்த மூலைக்கு? ரெய்டு கார்டோட கேஷ் பேட்டரி வேலை செய்யுதான்னு பாருங்க, பேட்டரி போயிருந்தா பெரும்பாலும் ரைட் கேஷே ஆஃப் ஆயிடும். எஸ்க்யூஎல் மெஷினை மட்டுமாவது ரெண்டு எஸ்எஸ்டி போட்டு ரெய்டு 1ல (ரெண்டுலயும் ஒரே டேட்டா) வைங்க. அந்த ஒரு மாற்றத்துலயே வித்தியாசம் தெரியும்.

மீதி சில்லறை வேலை: எமுலேட் பண்ற பழைய நெட்வொர்க் கார்டுக்குப் பதிலா விர்ட்-ஐஓ அல்லது விஎம்வேர்ல விஎம்எக்ஸ்நெட்3, அந்த ஹைப்பர்வைசரோட டூல்ஸ் இன்ஸ்டால், சர்வரோட பயாஸ்ல பவர் சேவிங்கை பெர்ஃபார்மன்ஸுக்கு மாத்துறது, நாலு மெஷின்லயும் ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஒரே மத்தியானம் 1 மணிக்கு ஓடாம பிரிச்சு வெக்கிறது. சர்வர் 2003 மாதிரி ரொம்பப் பழசா இருந்தா பார்ட்டிஷன் 63வது செக்டர்ல ஆரம்பிச்சிருக்கும், டிஸ்க்கோட ப்ளாக்கோட அது பொருந்தாது, ஒவ்வொரு டிஸ்க் ரீடும் ரெண்டா ஆகலாம். 2008லேர்ந்து அந்தத் தொல்லை இல்ல.

கேள்வி: மாத்தினதுக்கு அப்புறம் பழைய சர்வரை எத்தனை நாள் வெச்சிருக்கணும்? எங்க முதலாளி அடுத்த நாளே ஸ்கிராப்புக்குப் போடச் சொல்றார். – கரூர்

பதில்: ஒரு மாசம், அதாவது ஒரு மாசக் கணக்கு முடிஞ்சு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டு முடியற வரைக்கும். மாசத்துக்கு ஒரு தடவை மட்டும் ஓடுற ரிப்போர்ட், யாரோ ஒருத்தர் மட்டும் உபயோகிக்கிற ஷேர், இதெல்லாம் அப்போதான் தெரிய வரும். நெட்வொர்க் கேபிளைக் கழட்டி, பவர் கேபிளையும் கழட்டி, "ஆன் பண்ணாதே"ன்னு தேதியோட பேப்பர் ஒட்டுங்க. கரண்ட் போய் வந்ததும் தானா ஆன் ஆகுற செட்டிங் பழைய சர்வர்கள்ல இருக்கும், ஒரே பேர் ஒரே ஐபியில ரெண்டு மெஷின் எழுந்தா அன்னிக்கு யார் டேட்டா எங்க போச்சுன்னு கண்டுபிடிக்கவே முடியாது, அதனாலதான் ரெண்டு கேபிளும்.

அந்த ஒரு மாசம் முடிஞ்சதும் ஸ்கிராப்புக்குப் போடுறதை விட உபயோகமான ஒண்ணு இருக்கு. எல்லா மெஷினும் இப்போ ஒரே பெட்டியில. அதோட மதர்போர்ட் போனா எல்லாமே போச்சு. இருக்கிற பழைய சர்வர்ல நல்லா இருக்கிற ஒண்ணைத் தேர்ந்தெடுத்து, ரெண்டு புது ஹார்ட் டிஸ்க் மட்டும் வாங்கிப் போட்டு, ராத்திரி பேக்கப் வந்து விழுற மெஷினா ஆக்குங்க. வேற ரூம்ல வைங்க, டொமைன்ல சேர்க்காதீங்க, பாஸ்வேர்டும் வேற. ரான்சம்வேர் வந்தா முதல்ல தேடுறது பேக்கப்பைத்தான். மாசம் ஒரு தடவை அதுல இருந்து ஒரு விர்ச்சுவல் மெஷினை எடுத்து, நெட்வொர்க் இல்லாம பூட் பண்ணிப் பாருங்க. உங்க முதலாளிகிட்ட ரெண்டு ஹார்ட் டிஸ்க் விலையை மட்டும் சொல்லுங்க, ஒத்துக்குவார்.